ஏழு கைகள் கண்ட ஜாகுவார்

ஒரு கடை கைமாறும்போது உண்மையில் எது கைமாறுகிறது? சரக்கா, கட்டடமா, தராசும் கல்லாப்பெட்டியுமா, அல்லது கடையின் பெயரா? விருதுநகர் கடைத்தெருவிலும் சிவகாசி, சாத்தூர் பக்கத்திலும் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. தாத்தா தொடங்கி அப்பா வளர்த்த கடைக்குப் பேரன் வந்து உட்காருவதில்லை. படித்துவிட்டுச் சென்னை, பெங்களூரு, அமெரிக்கா என்று போய்விடுகிறான். பெரியவர் தனியாக எத்தனை நாள் கடையைத் திறந்து வைத்திருப்பார்? யாரிடமாவது கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இதைப் பற்றி யோசிக்கும்போது, நம் தொழிலுக்குச் சம்பந்தமில்லாததாகத் தோன்றும் ஒரு கதை நமக்குப் பெரிதும் உதவுகிறது. இங்கிலாந்தில் பிறந்து இன்று டாடா குழுமத்திடம் இருக்கும் ஜாகுவார் மோட்டார் காரின் கதைதான் அது. பந்தயக் கார், பணக்காரர் கார் என்று ஒதுக்கிவிட வேண்டாம். மளிகைக் கடைக்காரரும் மண்டிக்காரரும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி அதில் நிறைய இருக்கிறது.

ஜாமீன் கடனில் தொடங்கிய தொழில்

1922-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிளாக்பூல் ஊரில் வில்லியம் லயன்ஸ் என்ற 21 வயது இளைஞர், வில்லியம் வாம்ஸ்லி என்பவரோடு கூட்டுச் சேர்ந்து ஸ்வாலோ சைடுகார் கம்பெனியைத் தொடங்கினார். மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் மாட்டும் தொட்டில்வண்டி செய்வதுதான் தொழில். இருவரின் தகப்பனார்களும் ஜாமீன் நின்று பாங்கில் வாங்கிக் கொடுத்த 1,000 பவுண்டு கடன்தான் முதல். ஏறக்குறைய அதே சமயத்தில்தான் நம் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

லயன்ஸ் படித்த என்ஜினீயர் அல்லர். ஆனால் ஒரு பொருளைப் பார்வையாக அமைப்பதிலும், செலவைக் கட்டுப்படுத்துவதிலும் கெட்டிக்காரர். 1927-ல் ஆஸ்டின் கம்பெனியின் சிறிய காருக்கு அழகான பாடி கட்டி விற்றார். 1928-ல் தொழிலைக் கோவென்ட்ரி நகருக்கு மாற்றினார். 1931-ல் எஸ்.எஸ்.1 என்ற காரை வெளியிட்டார். பார்வைக்கு ஆயிரம் பவுண்டு கார் போலிருக்கும், விலையோ 310 பவுண்டுதான். என்ஜினை ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியிடம் வாங்கினார். நம் சிவகாசி ஸ்டாண்டர்டு அல்ல; கோவென்ட்ரியின் கார் கம்பெனி. பிற்காலத்தில் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வந்ததே, அந்தப் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

விலை சொன்ன விதம்

1935 செப்டம்பரில் நடந்த ஒரு நிகழ்ச்சி வியாபாரிகள் எல்லோரும் அறிய வேண்டியது. எஸ்.எஸ். ஜாகுவார் என்ற புதிய காரை அறிமுகப்படுத்த லண்டன் மேஃபேர் ஓட்டலில் டீலர்களுக்கு விருந்து வைத்தார் லயன்ஸ். காரைக் காட்டிவிட்டு, என்ன விலை இருக்கும் என்று ஒவ்வொருவரையும் எழுதித் தரச் சொன்னார். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி பார்த்தபோது 632 பவுண்டு வந்தது. அதைச் சபையில் படித்துவிட்டு, உண்மை விலை 385 பவுண்டு என்று அறிவித்தார்.

இதை வெறும் விளம்பர வித்தை என்று சொல்லிவிட முடியாது. விற்கும்போது லாபம் தேடுகிறவன் சிறு வியாபாரி, வாங்கும்போதே லாபம் தேடுகிறவன் பெரு வியாபாரி என்று நம் மண்டிகளில் சொல்வதுண்டு. லயன்ஸ் அந்த ரகம். என்ஜினை வெளியில் வாங்கினார், பாடியைத் தம் பட்டறையில் கட்டினார், அநாவசியச் செலவு ஒரு பென்னி செய்ய மாட்டார். அதே வரிசையில் வந்த எஸ்.எஸ்.100 என்ற இரண்டு இருக்கை விளையாட்டுக் காரை இன்று பழைய கார் சேகரிப்போர் தேடி அலைகிறார்கள். மொத்தமே சுமார் 300 வண்டிகள்தான் செய்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. எஸ்.எஸ். என்ற இரண்டெழுத்து ஹிட்லரின் படைப்பிரிவின் பெயராக உலகெங்கும் நாறிப்போனது. லயன்ஸ் தயங்கவில்லை. 1945-ல் கம்பெனியின் பெயரையே ஜாகுவார் கார்ஸ் என்று மாற்றிவிட்டார். லேபிளில் இருக்கும் பெயர் ஜனங்கள் மனதில் கெட்டுவிட்டால் சரக்கு எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. லேபிள் அச்சிட்டே வளர்ந்த சிவகாசிக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

1948 அக்டோபரில் லண்டன் கார் கண்காட்சியில் எக்ஸ்.கே.120 வைக்கப்பட்டது. புதிய என்ஜினுக்கு விளம்பரமாக 200 வண்டி செய்தால் போதும் என்றுதான் நினைத்தார்கள். மணிக்கு 120 மைல், வரி நீங்கலாக 998 பவுண்டு விலை. ஆர்டர் குவிந்துவிட்டது. 1954 வரை 12,000-க்கும் மேல் செய்தார்கள். பெரும்பகுதி ஏற்றுமதி. அந்நாளில் இங்கிலாந்தில் இரும்புத் தகடு ரேஷனில்தான் கிடைத்தது. வெளிநாட்டுக்கு விற்பவர்களுக்கே முன்னுரிமை. பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1951, 1953, 1955, 1956, 1957 என ஐந்து முறை ஜாகுவார் முதலிடம் பெற்றது. 1957 பிப்ரவரியில் தொழிற்சாலையில் பெரும் தீ விபத்து. நூற்றுக்கணக்கான கார்கள் சாம்பலாயின. நெருப்பின் கொடுமை நம் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. அதிலிருந்தும் மீண்டு, 1961-ல் புகழ்பெற்ற ஈ-டைப் காரைக் கொண்டு வந்தார்கள்.

வாரிசு போனது

இத்தனை வெற்றிக்கும் நடுவில் ஒரு இழப்பு நேர்ந்துவிட்டது. 1955 ஜூனில் லெ மான் பந்தயம் பார்க்கக் காரில் சென்றுகொண்டிருந்த லயன்ஸின் ஒரே மகன் ஜான், பிரான்சில் சாலை விபத்தில் மாண்டுபோனார். கம்பெனிக்கு அடுத்து வர வேண்டியவர் அவர்தான்.

லயன்ஸுக்கு இரண்டு மகள்களும் இருந்தார்கள். மூத்தவர் பாட், கணவர் இயான் ஆப்பிள்யார்டு ஓட்டிய எக்ஸ்.கே.120 காரில் பக்கத்தில் அமர்ந்து வழிகாட்டி, கடினமான மலைப்பாதைப் போட்டிகளில் வென்றவர். ஆனாலும் பொறுப்பு மகள்களிடம் போகவில்லை. அந்தக் காலம் அப்படி. இன்று நம் ஊரிலேயே மகள்களும் மருமகள்களும் கணக்கும் கொள்முதலும் பார்த்து, கடையை முன்னிலும் நன்றாக நடத்துவதைக் காண்கிறோம். வாரிசு இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் வீட்டுக்குள் ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

1965-ல் இன்னொரு நெருக்கடி. ஜாகுவாருக்குப் பாடி செய்து கொடுத்து வந்த பிரெஸ்டு ஸ்டீல் கம்பெனியைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. நமக்குச் சரக்குப் போடும் மில்லை எதிர்க்கடைக்காரர் வாங்கிவிட்டால் எப்படி இருக்கும்? லயன்ஸுக்கு வயது 60-ஐத் தாண்டிவிட்டது. பின்னால் வர மகனும் இல்லை. 1966-ல் பி.எம்.சி.யோடு ஜாகுவாரை இணைக்கச் சம்மதித்தார். பெயரும் நிர்வாகமும் தனியாக இருக்கும் என்பதே அவருடைய நம்பிக்கை.

பெயர்ப்பலகையை இறக்கியவர்கள்

1968-ல் அந்தக் கூட்டுக் கம்பெனியும் லேலண்டும் ஒன்றாயின. நம் கடைக்குச் சரக்கு ஏற்றி வரும் அசோக் லேலண்டு லாரியின் பெயரில் இருக்கும் அதே லேலண்டுதான். 1972-ல் லயன்ஸ் ஓய்வு பெற்றார். 1975-ல் நஷ்டம் தாங்காமல் கம்பெனியை பிரிட்டிஷ் சர்க்கார் ஏற்றுக்கொண்டது.

பெரிய நிர்வாகத்துக்கு ஜாகுவார் என்ற தனிப் பெயர் இடைஞ்சலாகப் பட்டது. கோவென்ட்ரியில் இருந்த பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலைக்குப் பெரிய கார்கள் பூட்டும் இரண்டாம் எண் தொழிற்சாலை என்று பெயர் வைத்தார்கள். ஜாகுவார் பெயர்ப்பலகை கீழே இறங்கியது. தொழிலாளிக்குத் தான் எந்தக் கம்பெனியில் வேலை செய்கிறோம் என்ற பெருமை போனது. வேலைநிறுத்தங்கள் ஒருபுறம், தரக்குறைவு மறுபுறம். பெயிண்டு உரியும், மின்சார இணைப்பு பழுதாகும். அமெரிக்காவில் இருந்த வாடிக்கையாளர்கள் விலகிப் போனார்கள்.

1980-ல் ஜான் ஈகன் என்பவர் பொறுப்பேற்றார். அவர் முதலில் செய்த காரியம், வாடிக்கையாளர் சொன்ன குறைகளைப் பட்டியல் போட்டது. குறைகளில் பெரும்பகுதி வெளியிலிருந்து வாங்கிய உதிரி பாகங்களால் வந்தவை என்று தெரிந்தது. பழுதான பாகத்தின் செலவைச் சப்ளையரே ஏற்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். சரக்கு மட்டமாக வந்தால் திருப்பி அனுப்பும் தைரியம் இருந்தால்தான் கடையின் பெயர் நிற்கும் என்பது நமக்கும் தெரிந்த விஷயமே. 1984-ல் சர்க்கார் ஜாகுவாரைத் தனிக் கம்பெனியாகப் பிரித்துப் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றபோது, தேவைக்குப் பல மடங்கு விண்ணப்பங்கள் வந்தன. தம் கம்பெனி மறுபடி தன் காலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, 1985 பிப்ரவரியில் லயன்ஸ் காலமானார்.

ஃபோர்டின் கணக்கு

1989-ல் அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனி 250 கோடி டாலர் கொடுத்து ஜாகுவாரை வாங்கியது. நம் மறைமலைநகரில் 2022 வரை கார் செய்த அதே ஃபோர்டுதான். தொழிற்சாலையைச் சீர்படுத்தினார்கள், தரம் உயர்ந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் விற்பனையைப் பெருக்க வேண்டும் என்ற அவசரத்தில், 2001-ல் ஃபோர்டு மாண்டியோ என்ற சாதாரணக் காரின் அடித்தளத்தை வைத்து எக்ஸ்-டைப் என்ற சிறிய ஜாகுவாரைக் கொண்டுவந்தார்கள். கார் மோசமானதல்ல. ஆனால் வாங்குகிறவர் மனதில், ஜாகுவார் விலை கொடுத்து ஃபோர்டு வாங்குகிறோமோ என்ற சந்தேகம் புகுந்துவிட்டது. எதிர்பார்த்த விற்பனை நடக்கவில்லை. முதல்தர உளுந்து என்று பெயர் வாங்கிய மூட்டையில் இரண்டாம் தரத்தைக் கலந்து விற்றால் முதல் மாதம் லாபம் கூடலாம். அடுத்த வருஷம் அந்த மூட்டைக்கு அந்த விலை கிடைக்காது.

2000-ல் லேண்டு ரோவரையும் சுமார் 270 கோடி டாலருக்கு ஃபோர்டு வாங்கியிருந்தது. இரண்டுக்கும் சேர்த்து 520 கோடி டாலர் முதல் போட்டு, அதற்கு மேலும் எவ்வளவோ செலவழித்து, கடைசியில் இரண்டையும் விற்க முன்வந்தது.

டாடா வாங்கியது எதை?

2008 ஜூன் 2-ஆம் தேதி ஜாகுவார், லேண்டு ரோவர் இரண்டும் 230 கோடி டாலருக்கு டாடா மோட்டார்ஸ் வசம் வந்தன. ஊழியர்களின் பென்ஷன் நிதிக்கென்று ஃபோர்டு சுமார் 60 கோடி டாலரைத் தன் பக்கத்திலிருந்து கொடுத்தது. விற்கிறவர் கொடுத்துத் தீர்க்க வேண்டிய பாக்கி எது, வாங்குகிறவர் ஏற்க வேண்டியது எது என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டார்கள் என்பது இதில் கவனிக்க வேண்டியது.

இதே டாடா, 1998-ல் இண்டிகா காரைக் கொண்டுவந்து, சரியாக ஓடாமல், 1999-ல் தன் கார்ப் பிரிவையே விற்றுவிடலாமா என்று ஃபோர்டிடம் பேசப் போயிருந்தது. டாடா குழும அதிகாரி ஒருவரே இதைப் பின்னாளில் மேடையில் சொன்னார். 9 வருஷத்தில் நிலைமை தலைகீழாக மாறிவிட்டது.

ஆனால் வாங்கிய வேளை நல்ல வேளையாக அமையவில்லை. 300 கோடி டாலர் குறுகிய காலக் கடன் வாங்கித்தான் டாடா இதை முடித்தது. மூன்றே மாதத்தில் அமெரிக்காவில் லேமன் பாங்கு விழுந்து உலகமெங்கும் கார் விற்பனை படுத்துவிட்டது. 2008-09-ல் டாடா மோட்டார்ஸ் தொகுப்புக் கணக்கில் சுமார் 2,500 கோடி ரூபாய் நஷ்டம். பிள்ளையைக் கெடுத்த வாழ்வு என்று அன்று எழுதாத பத்திரிகை இல்லை.

அப்போது டாடா செய்யாமல் விட்டவை முக்கியம். பெயர்ப்பலகையை மாற்றவில்லை. டாடா கார் மேல் ஜாகுவார் சின்னத்தை ஒட்டவில்லை. வடிவமைப்பாளர்களையும் நிர்வாகத்தையும் அந்த ஊரிலேயே விட்டுவைத்துப் புதிய மாடலுக்குப் பணம் போட்டார்கள். இது அவர்களுக்குப் புதிதல்ல. 2000-ல் டாடா டீ கம்பெனி இங்கிலாந்தின் டெட்லி டீயை வாங்கியபோதும் அந்தப் பெயரை அப்படியே வைத்துக்கொண்டார்கள் என்பது டீத்தூள் விற்கும் நமக்குத் தெரியும். 2010-11-ல் ஜாகுவார் லேண்டு ரோவர் வரிக்கு முன் 100 கோடி பவுண்டுக்கு மேல் லாபம் காட்டியது. 2017-18-ல் வருஷ விற்பனை 6 லட்சம் வண்டியைத் தாண்டியது.

அத்தோடு கதை சுபமாக முடிந்துவிடவில்லை. சீனாவில் விற்பனை சரிந்து, டீசல் காருக்கு எதிர்ப்பு வந்து, 2018 டிசம்பர் காலாண்டில் மட்டும் டாடா மோட்டார்ஸுக்கு சுமார் 27,000 கோடி ரூபாய் நஷ்டம். ஜாகுவாரைவிட லேண்டு ரோவர்தான் கம்பெனியைத் தாங்கியது. இனி ஜாகுவார் முழுக்க மின்சாரக் கார்தான் என்று 2021-ல் அறிவித்து, பழைய மாடல்களைப் படிப்படியாக நிறுத்தி, 2024 நவம்பரில் புதிய சின்னத்தையும் வெளியிட்டார்கள். பழைய அபிமானிகள் பலர் முகம் சுளித்தார்கள். பெயர் மறுபடியும் பந்தயத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

2025 செப்டம்பரில் கம்ப்யூட்டர் திருடர்கள் உள்ளே புகுந்ததால் இங்கிலாந்துத் தொழிற்சாலைகள் ஒரு மாதத்துக்கு மேல் நின்றன. அதில் அதிகம் தவித்தவர்கள் உதிரி பாகம் போடும் சிறு சப்ளையர்கள். 150 கோடி பவுண்டு கடனுக்கு பிரிட்டிஷ் சர்க்கார் உத்தரவாதம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரே பெரிய கடைக்கு மட்டும் சரக்குப் போட்டுப் பிழைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். நம் மாநிலத்துக்கும் இதில் பங்கு உண்டு. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் டாடாவின் கார்த் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜாகுவார் லேண்டு ரோவர் வண்டிகளும் அங்கே செய்வதாகத் திட்டம்.

பழைய கார், பழைய காகிதம்

கம்பெனி கைமாறியதைப் பார்த்தோம். ஒரு தனிக் கார் கைமாறுவதிலும் ஒரு பாடம் இருக்கிறது. 1956 லெ மான் பந்தயத்தில் வென்ற டி-டைப் ஜாகுவார் ஒன்று, 2016 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்தது. 2 கோடியே 17 லட்சத்து 80 ஆயிரம் டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் நம் பணம் சுமார் 145 கோடி ரூபாய். வென்ற கார் என்பதற்காக மட்டும் இந்த விலை வரவில்லை. எக்யூரி எக்கோஸ் என்ற ஸ்காட்லாந்துப் பந்தயக் குழுவிடம் தொடங்கி, 60 வருஷத்தில் அதை வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பது இடையில் அறுபடாமல் தெரிந்தது. சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றின் ஒரிஜினல் தன்மையும் கெடவில்லை. பந்தயக் கார்களில் இது அபூர்வம். பார்வைக்கு அதேபோல் இருக்கும் இன்னொரு கார், வரலாறு தெரியாததாக இருந்தால், இதில் சிறு பங்கு விலைக்கும் போகாது.

நம் நாட்டிலும் 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி வகுத்தது. 50 வருஷத்துக்கு மேற்பட்டு, பெரிய மாறுதல் செய்யப்படாத வண்டிக்கு வி.ஏ. என்ற எழுத்துக் கொண்ட பதிவு எண் தருகிறார்கள். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். இதற்கும் காகிதம் வேண்டும். ஆர்.சி. புத்தகம் தொலைந்த வண்டிக்காரர் பாடு திண்டாட்டம்தான்.

நமக்கு ஆக வேண்டியவை

லயன்ஸ் போன்ற திறமைசாலியே, தமக்குப் பின் யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல்தான் கம்பெனியைக் கொடுத்தார். அதன் பலனைப் பதினெட்டு வருஷம் தொழிலாளிகளும் வாடிக்கையாளர்களும் அனுபவித்தார்கள். நம் கடைகள் சிறியவைதான். ஆனாலும் ஒவ்வொரு கடையையும் நம்பி நாலு குடும்பம் இருக்கிறது. ஆகவே உடம்பில் தெம்பு இருக்கும்போதே சில காரியங்களைச் செய்து வைக்க வேண்டும்.

முதலாவது, கூட்டு வியாபாரம் செய்பவர்கள் பத்திரத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி, பத்திரத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், ஒரு கூட்டாளி காலமானதும் கூட்டு கலைந்துவிடும். மற்றவர்கள் தொடர்ந்து நடத்தலாம் என்ற ஒரு ஷரத்து எழுதியிருந்தால் கடை நிற்கும்.

இரண்டாவது, கடைப் பெயரும் லேபிளும் சொத்து. நல்லெண்ணெய், வத்தல் தூள், அப்பளம் என்று சொந்தப் பெயரில் பாக்கெட் போடுகிறவர்கள் டிரேட் மார்க் பதிவு செய்திருக்கிறார்களா, 10 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தார்களா என்று பார்க்க வேண்டும். அண்ணன் தம்பி பாகம் பிரியும்போது கட்டடத்தைப் பிரித்து எழுதுகிறவர்கள், பெயர் யாருக்கு என்று எழுத மறந்துவிடுகிறார்கள். வழக்கு அங்கேதான் பிறக்கிறது.

மூன்றாவது, கடையை விற்பதானால் கொடுக்கல் வாங்கல், பணியாளர்களுக்குச் சேர வேண்டிய தொகை, வரி பாக்கி ஆகியவை யார் பொறுப்பு என்று தொகையோடு எழுத வேண்டும். ஜி.எஸ்.டி.யில் மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரவை வாங்குகிறவர் பெயருக்கு மாற்ற ஐ.டி.சி-02 என்ற படிவம் உண்டு. ஆடிட்டர் சான்றிதழோடு கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டுப் பணத்தை இழந்தவர்கள் உண்டு.

நான்காவது, வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல பெயர் எடுத்த கடையை வாங்கினால் முதல் இரண்டு வருஷம் எதையும் அவசரமாக மாற்ற வேண்டாம். அதே எடை, அதே தரம், முடிந்தால் அதே பழைய கணக்கப்பிள்ளை. ஜனங்கள் கடையை நம்பித்தான் வருகிறார்கள், முதலாளியை அவர்கள் இன்னும் அறியவில்லை.

நம் சங்கத்தில் ஒரு மாதக் கூட்டத்தை இதற்கென்றே ஒதுக்கலாம். ஒரு ஆடிட்டரையும் ஒரு வக்கீலையும் அழைத்து, உறுப்பினர்கள் தங்கள் பத்திரங்களைக் கொண்டுவந்து சந்தேகம் கேட்க வசதி செய்யலாம். 60 வயது கடந்த உறுப்பினர்கள் தவறாமல் வர வேண்டும். மகனையோ மகளையோ கூடவே அழைத்து வந்தால் இன்னும் நல்லது.